3 ரூபாய்ப் பையும் 9,000 ரூபாய்த் தலைப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 பிப்ரவரி 5 அன்று சண்டிகரில், செக்டார் 22-இல் இருக்கும் பாட்டா கடையில் ஒருவர் ஒரு ஜோடி காலணி வாங்கினார். காலணியின் விலை 399 ரூபாய். பில்லில் இருந்தது 402 ரூபாய். கூடுதலாக வந்த 3 ரூபாய், காலணிப் பெட்டியைப் போட்டுக் கொடுத்த காகிதப் பைக்கு. பையின் மேல் பாட்டாவின் பெயரும் அதன் விளம்பர வாசகமும் அச்சாகியிருந்தன. காசையும் கொடுத்துவிட்டு உங்கள் விளம்பரத்தையும் நான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் புகார் கொடுத்தார்.

ஏப்ரலிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. நுகர்வோர் வழக்குக்கு இது நம்ப முடியாத வேகம். பைக்கு வாங்கிய 3 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மன உளைச்சலுக்கு 3,000, வழக்குச் செலவுக்கு 1,000, மாநில ஆணையத்தின் நுகர்வோர் சட்ட உதவிக் கணக்கில் 5,000 கட்ட வேண்டும் என்று மன்றம் உத்தரவிட்டது. இனிமேல் பொருள் வாங்குகிற எல்லோருக்கும் பையை இலவசமாகவே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. சுற்றுச்சூழல் நன்மைக்காகத்தான் பைக்குக் காசு வாங்குகிறோம் என்ற கடையின் வாதம் எடுபடவில்லை. அவ்வளவு அக்கறை இருந்தால் மாசில்லாத பையை நீங்களே இலவசமாகக் கொடுத்திருக்கலாமே என்ற பொருளில் மன்றம் பதில் சொல்லிவிட்டது.

நாடு முழுக்க இது செய்தியானது. ஏறக்குறைய எல்லாத் தலைப்பிலும் இரண்டே எண்கள்தான்: 3 ரூபாய்ப் பை, 9,000 ரூபாய் அபராதம். பெரிய கடைகள் மேல் சாதாரண ஆள் வழக்குப் போட்டால் ஊர் அதை எப்படிப் பார்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும். பார்வை அங்கேதான் தீர்மானமாகிறது. உத்தரவைப் படிப்பவர்கள் வக்கீல்களும் வேறு வேலையில்லாத என்னைப் போன்றவர்களும்தான்.

இரண்டு விதமான சிரிப்பு

இந்த மாதிரிச் செய்திக்கு இரண்டு விதமான எதிர்வினை வரும். முதலாவது, ‘மூணு ரூபாய்க்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவானா ஒருத்தன்?’ வேலை வெட்டி இல்லாதவன், பேர் வாங்கப் பார்க்கிறவன், கஞ்சன் என்று அது நீளும். கூடவே, லட்சக்கணக்கில் வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நாட்டில் நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்ற நியாயமான தொனியிலான புலம்பலும் வரும். இரண்டாவது எதிர்வினை பாராட்டு மாதிரி இருக்கும்: ‘பாத்தியா, மூணு ரூபாய் போட்டு ஒன்பதாயிரம் எடுத்துட்டான்!’ இதில் வழக்கு லாட்டரிச் சீட்டு ஆகிவிடுகிறது. கேலி செய்கிறவரும் பாராட்டுகிறவரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். 3 ரூபாய் நஷ்டம், 9,000 ரூபாய் வரவு.

கணக்கே தப்பு. 9,000-இல் 5,000 அவர் கைக்கு வரவே வராது, அது சட்ட உதவிக் கணக்குக்குப் போகிறது. அவருக்குக் கிடைத்தது 4,003 ரூபாய். அதில் 1,000 வழக்குச் செலவு. மீதியில், கடைக்கும் மன்றத்துக்கும் அலைந்த நாள்களின் கூலியைக் கழித்துப் பார்த்தால் இதை வரவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த 5,000 ஏன் பொதுக் கணக்குக்குப் போகிறது என்பதைச் செய்திகள் விளக்குவதே இல்லை. ஒரே மாதிரி நஷ்டம் ஏராளமான பேருக்கு ஏற்பட்டிருக்கிறது, ஆனால் அவர்கள் யார் யார் என்று தேடிப் பிடிக்க முடியாது என்ற நிலையில், நிறுவனத்திடமிருந்து ஒரு தொகையைப் பொதுவாக வசூலிக்க 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே 2002 திருத்தத்துக்குப் பிறகு இடம் கொடுத்தது, 14-ஆம் பிரிவில். விற்ற பொருளின் மதிப்பில் 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று அது சொன்னது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 39-ஆம் பிரிவில் இதையே வைத்துக்கொண்டு குறைந்தபட்சத்தை 25 சதவீதமாக ஏற்றியது. அதாவது, ஒருவர் 3 ரூபாயோடு வாசலுக்கு வந்தால் அவர் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை நிற்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் முன்பே யோசித்துவிட்டார்கள். வேண்டுமானால் நாமே ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். ஒரு கடையில் நாளுக்கு 200 பை என்றால் 600 ரூபாய். அப்படி 1,000 கடைகள் என்றால் நாளுக்கு 6 லட்சம், வருஷத்துக்கு ஏறக்குறைய 22 கோடி. இது எந்த நிறுவனத்தின் நிஜக் கணக்கும் இல்லை. ஆனால் ‘வெறும் மூணு ரூபாய்’ என்கிற பேச்சு பில் கவுன்டரின் இந்தப் பக்கத்தை மட்டும் எண்ணுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

நீதிமன்ற நேரத்தை வீணாக்குவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கு நடந்தபோது அமலில் இருந்த 1986 சட்டத்தின் 26-ஆம் பிரிவு, அற்பமான அல்லது தொல்லை கொடுக்கும் நோக்கம் கொண்ட புகாரைத் தள்ளுபடி செய்து, புகார்தாரர் மேலேயே 10,000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம் என்றது. சண்டிகர் மன்றம் கையில் அந்தக் கத்தியும் இருந்தது. அதை வீசவில்லை. அற்பமா இல்லையா என்று முடிவு செய்யும் பொறுப்பு யாரிடம் இருந்ததோ அவர்கள் அற்பம் என்று நினைக்கவில்லை.

பில் கவுன்டரில் நடப்பது

இந்த மாதிரிப் பை வழக்குகள் எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. விவகாரமே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெரிய கடைக்குள் நுழையும்போது கையில் பை இருந்தால் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள், இல்லையென்றால் பையின் வாயைக் கட்டி உள்ளே விடுவார்கள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ சுற்றிப் பொருள்களை எடுக்கிறோம். வரிசையில் நிற்கிறோம். எல்லாப் பொருளையும் ஸ்கேன் செய்து முடித்த பிறகு, அல்லது முடிக்கிற நேரத்தில், ‘பை வேணுமா சார்?’ என்று ஒரு கேள்வி வரும். சில இடங்களில் அதுகூட வராது, பில்லில் ஏறிவிடும். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். வேண்டாம் என்றால் பன்னிரண்டு சாமான்களையும் இரண்டு கைகளில் அள்ள வேண்டும், பிள்ளையும் கூட இருந்தால் இன்னும் விசேஷம். இந்த இடத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும்.

இதைச் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டத்தின் மொழிக்குக் கொண்டுபோக நுகர்வோர் மன்றங்களும் ஆணையங்களும் மூன்று வெவ்வேறு வழிகளைப் பிடித்தன. மூன்றும் சம பலம் உள்ளவை இல்லை.

முதலாவது, விளம்பர வாதம். கடையின் பெயர் போட்ட பையை விற்பது வாடிக்கையாளரைச் சம்பளமில்லாத விளம்பர ஆளாக்குவது என்கிறது இது. கேட்டதும் மனசில் ஒட்டிக்கொள்ளும் வாதம், அதனால் எல்லாச் செய்தியிலும் இதுவே முன்னால் நின்றது. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. சட்டையின் மேலும் செருப்பின் மேலும்கூடத்தான் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அதைக் காசு கொடுத்து விரும்பியே போட்டுக்கொண்டு திரிகிறோம். அச்சு இல்லாத வெள்ளைப் பையை அதே 3 ரூபாய்க்குக் கடைசி நிமிஷத்தில் நீட்டியிருந்தால் நியாயமாகிவிடுமா? இந்த வாதத்தை நம்பினால் ஆகிவிடும்.

இரண்டாவது வாதம் பழைய சட்டத்திலிருந்து வருகிறது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36(5) பிரிவு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பொருளை ஒப்படைக்கத் தக்க நிலைக்குக் கொண்டுவரும் செலவு விற்பவருடையது என்கிறது. சண்டிகர் பக்கத்து உத்தரவுகளில் இது எடுத்தாளப்பட்டது. பெட்டிக்குள் இருக்கும் காலணிக்கு இன்னொரு பை அவசியமா என்று கடைக்காரர் கேட்கலாம்தான். ஆனால் தனித்தனியாகக் கிடக்கும் இருபது மளிகைச் சாமானுக்கு அந்தக் கேள்வி நிற்காது.

மூன்றாவது, முன்கூட்டியே சொன்னார்களா என்ற கேள்வி. மூன்றில் இதுதான் வலுவானது. தேசிய நுகர்வோர் ஆணையம் கடைசியில் இதன் மேல்தான் நின்றது.

2020 டிசம்பர்

பாட்டா வழக்குக்குப் பிறகு சண்டிகரிலும் பக்கத்து ஊர்களிலும் இதே மாதிரிப் புகார்கள் வரிசையாக வந்தன. பிக் பஜார் என்ற சங்கிலிக் கடைகள் மேல் வந்தவை, மாவட்டம், மாநிலம் என்று இரண்டு படிகளிலும் நிறுவனத்துக்கு எதிராகவே முடிந்தன. நிறுவனம் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் சீராய்வு மனு போட்டது. 2020 டிசம்பர் 22 அன்று அந்த மனுக்கள் தள்ளுபடியாயின.

பையை விற்கவே கூடாது என்று ஆணையம் சொல்லவில்லை. எப்போது சொன்னீர்கள் என்று கேட்டது. பைக்குத் தனிக் காசு உண்டு என்பதும், அது என்ன மாதிரிப் பை, என்ன விலை என்பதும், வாடிக்கையாளர் இந்தக் கடைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே, பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. எல்லாம் முடிந்து பணம் கட்டுகிற நேரத்தில் அதைத் திணிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. அதை உடனே நிறுத்த வேண்டும் என்று 2019 சட்டத்தின் 39-ஆம் பிரிவின் கீழ் நிறுவனத்துக்கே உத்தரவு போட்டது. புகார் கொடுத்தவர்களோடு விஷயம் நிற்கவில்லை, நிறுவனத்தின் நடைமுறையே உத்தரவுக்குள் வந்தது.

இந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்பதற்குக் கோயம்பேட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2022 ஜூனில் கோயம்பேடு சந்தையில் அரசு மஞ்சப்பை இயந்திரம் வைத்தது. 10 ரூபாய் போட்டால் துணிப்பை வரும். அதன் மேலும் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டத்தின் விளம்பரம் இருக்கத்தான் செய்கிறது. காசு வாங்கிக்கொண்டு விளம்பரப் பை கொடுக்கிறார்கள் என்று அதன் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. விலை எதிரே எழுதியிருக்கிறது, வேண்டாமென்றால் நகர்ந்துவிடலாம், காய்கறியோடு யாரையும் கவுன்டரில் மாட்டி வைக்கவில்லை. 3 ரூபாய்ப் பையை விட 10 ரூபாய்ப் பை நியாயமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

சட்டமே சொல்கிறதே என்ற நம்பிக்கை

பொதுமக்களில் பலர் கடைகளின் பக்கம் பேசியதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பைக்குக் காசு வாங்கு என்று ஒரு காலத்தில் அரசே சொன்னது.

2011-இல் வந்த மத்திய அரசின் பிளாஸ்டிக் கழிவு விதிகள், எந்தக் கடைக்காரரும் பிளாஸ்டிக் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றன. கைக்காசு போனால்தான் வீட்டிலிருந்து பை எடுத்துவரும் பழக்கம் வரும் என்பது எண்ணம். 2016-இல் புதிய விதிகள் வந்தபோது வழி மாறியது. பிளாஸ்டிக் பை கொடுக்க விரும்பும் கடைக்காரர் உள்ளாட்சியில் பதிவு செய்து மாதம் 4,000, வருஷத்துக்கு 48,000 ரூபாயாவது கட்ட வேண்டும் என்று 15-ஆம் விதி சொன்னது. 2018 மார்ச் திருத்தத்தில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

ஆக, பாட்டா வழக்கின் அந்த 3 ரூபாய் பில்லில் ஏறியபோது, அப்படி வாங்கச் சொல்லும் மத்திய விதி எதுவும் இல்லை. விதி இருந்த காலத்திலும் அது பிளாஸ்டிக் பைக்குத்தான், காகிதப் பைக்கு இல்லை. விதி போய்விட்டது, வசூல் போகவில்லை. ‘அரசாங்க ரூல்ஸ் சார்’ என்ற பதிலும் கூடவே தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது இந்தக் குழப்பம் இன்னும் கூடியது. தடை பிளாஸ்டிக்கைக் கொடுக்காதே என்கிறது. துணிப்பைக்கு இவ்வளவு வாங்கு என்று அதில் எங்கும் இல்லை.

கடைகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. துணிப்பைக்கும் கெட்டிக் காகிதப் பைக்கும் அடக்க விலை அதிகம். எல்லோருக்கும் இலவசம் என்றால், வீட்டிலிருந்து பை கொண்டுவருகிறவர் கொண்டுவராதவரின் பைக்கும் சேர்த்துப் பொருளின் விலையில் காசு கொடுக்கிறார். அந்த வகையில் தனி விலை வைப்பது பொறுப்பான காரியமாகக்கூட இருக்கும். ஆனால் அதைச் சொல்கிற கடை, வாசலில் வாடிக்கையாளரின் பையை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பையோடு உள்ளே விட மாட்டேன், பையில்லாமல் வெளியே போனால் உன் பாடு என்று இரண்டையும் ஒரே கடை சொல்லும்போது சுற்றுச்சூழல் வாதம் அங்கேயே படுத்துவிடுகிறது.

கட்டைப்பை கொடுத்த பழக்கம்

சண்டிகர் வழக்கைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு இன்னொரு கோணம் தானாகவே தோன்றும். நம் ஊரில் பை என்பது மரியாதை. தி.நகரிலோ மதுரையிலோ திருச்சியிலோ ஜவுளி எடுத்தால் கடை ஒரு கட்டைப்பை கொடுக்கும். கொஞ்சம் அதிகமாக எடுத்தால் ‘அண்ணே, இன்னொரு பை குடுங்க’ என்று உரிமையோடு கேட்கலாம். நகைக் கடையில் சின்னதாக ஒன்று, பாத்திரக் கடையில் பெரிதாக ஒன்று. அந்தப் பை அப்புறம் பத்து வருஷம் ரேஷன் கடைக்கும் ஊர்ப் பயணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும். பஸ்ஸில் கம்பியில் தொங்குகிற பைகளைப் பார்த்தே எந்தக் கடையில் யார் ஜவுளி எடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் அந்த வேலையை மஞ்சப்பை செய்தது, கடைப் பெயரோ கல்யாண வீட்டுப் பெயரோ அச்சடித்தபடி.

இதுவும் விளம்பரம்தான், சண்டிகர்க்காரர் சொன்ன அதே விளம்பரம். அந்த ஜவுளிக் கடைக்காரர் அதன் செலவைத் தன் விளம்பரச் செலவாகப் பார்த்தார். அவர் ஒன்றும் தானம் செய்யவில்லை, சேலை விலையில் அது இருக்கிறது. ஆனால் தனி வரியாகப் பில்லில் வரவில்லை. சங்கிலிக் கடைகள் வந்தபோது விளம்பரம் பையிலேயே இருந்தது, செலவு மட்டும் இடம் மாறிப் பில்லுக்கு வந்தது. பைக்குக் காசு கேட்கும்போது நம் ஆள்களுக்கு வருகிற கோபத்தில் 3 ரூபாய் கொஞ்சம், வாங்கிய பிறகு காட்டுகிற அலட்சியம் நிறைய.

இதிலேயே ஒரு முரணும் உண்டு. கவுன்டரில் முகம் சுளிப்பவரே மறுநாள் செய்தியைப் படித்து ‘மூணு ரூபாய்க்கு ஒரு கேஸா’ என்று சிரிப்பார். அங்கே அவர் வாடிக்கையாளர், இங்கே வேடிக்கை பார்ப்பவர்.

ஐகியாவும் லைஃப்ஸ்டைலும்

தேசிய ஆணையத்தின் உத்தரவு வந்த பிறகும் வழக்குகள் நிற்கவில்லை. 2022 அக்டோபரில் பெங்களூரு நாகசந்திராவில் உள்ள ஐகியா அறைகலன் கடையில் ஒரு பெண் 2,428 ரூபாய்க்குச் சாமான் வாங்கினார். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பைக்கு 20 ரூபாய். பையின் விலை மறைவாக இல்லை, கடையில் எழுதித்தான் வைத்திருக்கிறோம், வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம் என்று நிறுவனம் வாதாடியது. ஒரு வருஷம் கழித்து 2023 அக்டோபரில் அங்குள்ள மாவட்ட ஆணையம் 20 ரூபாயை வட்டியோடு திருப்பச் சொன்னது. இழப்பீடு 1,000, வழக்குச் செலவு 2,000. அதே மாதம் டெல்லியில் லைஃப்ஸ்டைல் கடைக்கு எதிராக ஒரு தீர்ப்பு வந்தது. 7 ரூபாய்க் காகிதப் பைக்கு 3,000 ரூபாய் இழப்பீடு. அந்தப் பை வாங்கப்பட்டது 2020 டிசம்பரில். 7 ரூபாய் திரும்பி வர மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

ஐகியா வழக்கு சற்றுச் சிக்கலானது. விலை எழுதி வைத்திருந்தார்கள் என்றால் தேசிய ஆணையத்தின் அளவுகோலில் அவர்களுக்குக் கொஞ்சம் இடம் இருந்திருக்க வேண்டும். ஆனால் பெங்களூரு ஆணையம் மறுபடி அச்சுக்கும் விளம்பரத்துக்கும் போனது. இப்படி ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு காரணத்தின் மேல் தீர்ப்பு வருவதால், எந்தக் கடை எதைச் செய்தால் சரி என்பது தெளிவாக நிலைக்கவில்லை. செய்திகளுக்கு இந்த வித்தியாசம் தேவைப்படவும் இல்லை. தலைப்பு தயார்: 20 ரூபாய்ப் பை, 3,000 ரூபாய் அபராதம்.

ஒரு காபியின் கதை

தலைப்பு எண்கள் ஒரு வழக்கை எப்படித் தின்றுவிடும் என்பதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் அமெரிக்காவில் உண்டு. அது சில்லறைக் கடை இல்லை, மெக்டொனால்ட்ஸ். காபியைத் தானே கொட்டிக்கொண்ட ஒரு கிழவிக்குக் கிட்டத்தட்ட 29 லட்சம் டாலர் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வடிவம். அங்கே பேராசை வழக்கு என்றாலே இதைத்தான் சொல்வார்கள், இங்கேயும் சொல்கிறார்கள்.

நடந்தது வேறு. 1992 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில், நிறுத்தி வைத்திருந்த காரில், 79 வயதுப் பெண் 49 சென்ட் காபியின் மூடியைத் திறக்கும்போது அது மடியில் கொட்டியது. காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொடுப்பது நிறுவனத்தின் வழக்கம். உடலில் 16 சதவீதம் வெந்துபோனது, அதில் 6 சதவீதம் தோலின் முழு ஆழத்துக்கும் போன தீக்காயம். எட்டு நாள் ஆஸ்பத்திரி, தோல் ஒட்டு. மருத்துவச் செலவையும் சேர்த்து 20,000 டாலர் கேட்டார், நிறுவனம் 800 டாலர் தருவதாகச் சொன்னது. முந்தைய பத்து வருஷத்தில் இதே மாதிரி 700 புகார்களுக்கு மேல் நிறுவனத்துக்கு வந்திருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. 1994-இல் ஜூரி அந்தப் பெரிய தொகையைச் சொன்னது. நீதிபதி அதை 6,40,000 டாலராகக் குறைத்தார், பிறகு வெளியே சமரசமாக முடிந்தது. குறைத்ததைப் பற்றிய செய்தி முதல் செய்தி போன தூரத்துக்குப் போகவே இல்லை.

வெந்துபோன உடம்பையும் காகிதப் பையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் இரண்டையும் பற்றிய பேச்சு ஒரே பட்டறையில் தயாரானது. சின்னக் காரணம் ஒரு பக்கம், பெரிய தொகை மறுபக்கம், நடுவில் இருக்க வேண்டிய நிறுவனத்தின் நடத்தை காணோம்.

யார் போவார்கள்?

இன்றைய விதிப்படி, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2020-இலிருந்து இணைய வழியிலும் தாக்கல் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காகிதத்தில் எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா உண்டு. எதிர்த் தரப்பு வக்கீல் வர மாட்டார், பதில் மனுவுக்கு அவகாசம் கேட்பார், ஆணையத்தில் உறுப்பினர் பதவி காலியாக இருக்கும். தோற்ற நிறுவனம் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யும். அங்கேயும் இவர் போய் நிற்க வேண்டும்.

எனவே 3 ரூபாய்க்கு வழக்குப் போடுகிறவர் யார் என்று பார்த்தால், கணக்குப் பார்க்காதவர்தான். பெரும்பாலும் சட்டம் தெரிந்தவர், பிடிவாதக்காரர், நேரம் உள்ளவர். இதை வைத்துத்தான் ‘பேர் வாங்கப் போட்ட கேஸ்’ என்ற பேச்சு வருகிறது. சரி, பேருக்காகவே போட்டதாக இருக்கட்டும். பில்லில் 3 ரூபாய் ஏறியது உண்மையா, முன்கூட்டியே சொன்னார்களா என்ற கேள்விகளுக்கு அவருடைய நோக்கத்தில் பதில் இல்லை. நஷ்டப்பட்ட எல்லோரும் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு, 2019 சட்டத்தின் 35(1)(c) பிரிவு. பைக்காக அப்படிச் சேர்வதற்குக் கூட்டம் வராது. அடிபட்டவர் ஒவ்வொருவருக்கும் நஷ்டம் ஒரு டீயின் விலைகூட இல்லை என்பதால்தான் இந்த வசூல் இத்தனை வருஷம் நடந்தது.

பிறகு என்ன ஆனது

தேசிய ஆணையம் நேரடியாக உத்தரவிட்ட பிக் பஜார் இன்று இல்லை. 2022 பிப்ரவரியில் அதன் கடைகளை ரிலையன்ஸ் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது, அந்த வருஷம் ஜூலையில் அதை நடத்திய ஃப்யூச்சர் ரீடெய்ல் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. உத்தரவின் தர்க்கம் மற்றக் கடைகளுக்கும் பொருந்தும் என்றாலும், ஒவ்வொரு கடைக்கும் அதைப் பொருத்த இன்னொருவர் புகார் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பைக்கான வசூல் இன்றும் பல கடைகளில் நடக்கிறது. மாறியது ஒன்றுதான்: சில இடங்களில் ‘பை தனிக் கட்டணம்’ என்று சின்ன அட்டை ஒன்று முளைத்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் பில் கவுன்டரின் மேலேயே. நுழைவதற்கு முன்பே தெரிய வேண்டும் என்பது தேசிய ஆணையம் வைத்த அளவு. கவுன்டரில் ஒட்டிய அட்டை அந்த அளவைத் தொடாது. புகார் கொடுக்க நினைக்கிறவர் பில்லை மடிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் பை தனிப் பொருளாக, தனி விலையோடு இருக்கும். பையையும் எறியாமல் வைத்துக்கொள்வது நல்லது. வெளியே வந்ததும் கடை வாசலைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், அட்டை அங்கே இருந்ததா இல்லையா என்ற வாதம் ஆணையத்தில் நீளாது.